மார்கழியில் வந்த வெக்கை

2023 மார்கழி, திருவெம்பாவைக் காலம். விடிய நாலரைக்கெல்லாம் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலில் சங்கு ஊதிவிடும். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வீதி மணல் உள்ளங்காலில் சில்லிட்டது. வாடைக்காற்றுக்குப் பயந்து வயதானவர்கள் சால்வையால் தோளை மூடிக்கொண்டு நின்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி. பாட்டு நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அது தொடங்கியது.

முதலில் நெஞ்சுக்குள் ஒரு அந்தரம், ஏதோ கெட்ட செய்தி வரப்போவதுபோல. அடுத்த கணம் சூடு. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடிக்குமே, அந்த ஆவி உள்ளே இருந்து அடித்தால் எப்படி இருக்கும்? நெஞ்சில் கிளம்பிக் கழுத்துக்கு ஏறி, காது மடல் வரை போய் நின்றது. மயிர்க்கால் எல்லாம் வேர்த்தது. முதுகுத்தண்டு வழியே வியர்வை ஒரு கோடாக இறங்குவதை என்னால் உணர முடிந்தது. சாறிச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன ரீச்சர், மழையிலை நனைஞ்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம், வரேக்கை தூறிச்சுது" என்றேன். கோயிலுக்குள் நின்றுகொண்டு பொய் சொன்னேன்.

மூன்று நாலு நிமிடத்தில் சூடு போய்விட்டது. பிறகு வந்ததுதான் கொடுமை. ஈரச் சட்டையில் வாடைக்காற்று பட்டு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தீபாராதனை முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உண்மையில் அது அன்று புதிதாக வந்ததல்ல. அந்த ஆண்டு சித்திரையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சே "என்ன வெக்கை" என்பதுதான். வகுப்பில் வேர்த்தால் வெக்கை, குசினியில் வேர்த்தால் அடுப்பு, நல்லூர்த் திருவிழாவில் வேர்த்தால் சனம். எல்லோருக்கும் வேர்க்கிற ஊரில் ஒருத்திக்கு வேறு காரணத்தால் வேர்க்கிறது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? நானே பார்க்கவில்லை. மார்கழிப் பனி வந்துதான் எனக்குக் காட்டித் தந்தது.

அன்று பின்னேரம் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவோடு வாட்ஸ்அப்பில் கதைத்தேன். அவளுக்கு என்னிலும் மூன்று வயது கூட. நான் பாதி சொல்லும்போதே இடைமறித்தாள். "உனக்கு வந்திட்டுதடி. எனக்கு மைனஸ் இருபதிலை யன்னலைத் திறந்துபோட்டு நிண்டபடியா அண்டைக்கே விளங்கிட்டுது. நீ வெய்யிலுக்கை இருந்தபடியாத்தான் இவ்வளவு நாளும் கண்டுபிடிக்கேல்லை."

அவள் அங்கே டொக்டர் சொன்ன பெயரைச் சொன்னாள்: ஹொட் ஃப்ளஷ். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவது. தமிழில் என்ன பெயர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனால் எங்கள் ஊரில் சாமத்தியவீடு வைக்கிறோம். மண்டபம், வீடியோ, ஆரத்தித் தட்டு, உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. எத்தனை நாள் எதை உண்ண வேண்டும் என்று கூடப் பாட்டிமாருக்குக் கணக்கு உண்டு. பிள்ளைப்பேறு என்றால் சரக்குக்கறி, பத்தியம், வேதுத் தண்ணீர். ஆனால் அது நிற்கும்போது? "நிண்டு போச்சு" என்ற இரண்டு சொல், அதுவும் குசினி வாசலில், குரலைத் தாழ்த்தி. நான் இந்தக் கட்டுரையில் வெக்கை என்றே எழுதுகிறேன். எங்கள் சனத்துக்குப் புரிகிற சொல் அதுதான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? நான் கணிதம் படிப்பிக்கிறவள், உயிரியல் அல்ல. ஆனாலும் விளங்காமல் விடுவது எனக்குப் பொறுக்காது. வாசித்தும் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. உடல் சூட்டைச் சரியான அளவில் வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு வைத்திருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டினால் வேர்க்க வைக்கும், கீழ்க் கோட்டைத் தாண்டினால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வரை நமக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பாதிக்குக் கீழே போனால்தான் மிதவை இறங்கி மோட்டரைப் போடும். அந்த மிதவை பழுதாகி, ஒரு விரல்கடை தண்ணீர் குறைந்ததுக்கே மோட்டர் ஓடத் தொடங்கினால்? ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனின் சுரப்பு ஏறி இறங்கிக் குறைந்து போகும் காலத்தில் நடப்பது ஏறத்தாழ அதுதான். இரண்டு கோடுகளும் கிட்டக் கிட்ட வந்துவிடுகின்றன. ஒரு கோப்பை சுடுதேநீர், ஒரு சின்னப் பதற்றம், போர்வையின் கதகதப்பு, முன்பு உடல் கண்டுகொள்ளாத ஒரு சொற்ப சூடு, இப்போது மேல் கோட்டைத் தொட்டுவிடுகிறது. உடனே மூளை அவசரப்பட்டுத் தோலில் உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. முகம் சிவக்கிறது, இதயம் படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. அப்படிக் கொட்டி உடல் சூடு தேவைக்கு மேல் இறங்கிவிடும்போது கீழ்க் கோடு. கோயிலில் நான் நடுங்கியது அதனால்.

ஈஸ்ட்ரஜன் குறையும்போது அங்கே உள்ள ஒரு வகை நரம்புக் கலங்கள் பருத்து, கூடுதலாகத் துடிக்கின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. அவை வெளியிடும் நியூரோகைனின் பி என்ற பொருள்தான் சூட்டைக் கவனிக்கும் இடத்தைத் தூண்டிவிடுகிறது. அந்தச் சமிக்ஞையையே மறிக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர்கள் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் அந்த மருந்து வந்ததை அறிந்தபோது எனக்கு வந்த நிம்மதி மருந்தைப் பற்றியதல்ல. இதற்கு மூளையில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது, இது என் பலவீனமோ பயந்த சுபாவமோ இல்லை என்ற நிம்மதி.

நாலு பெண்களில் மூன்று பேருக்காவது இது ஏதோ ஒரு அளவில் வருகிறது. பெரும்பாலானோருக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. கடைசியாக வந்ததிலிருந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. வெக்கையோ அதற்கு முன்பே, ஒழுங்கு தப்பத் தொடங்கும்போதே வந்துவிடலாம். எவ்வளவு காலம் இருக்கும் என்று அக்காவைக் கேட்டபோது "ஒரு வருசம்" என்றாள். அவள் என்னைத் தேற்றச் சொன்னது அது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அடிக்கடி வெக்கை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுக்கு மேல் நீடித்திருந்தது. அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுத்துக்கொண்டால் போய்விடும் என்று இருந்த எண்ணத்தை அன்றே விட்டேன்.

முதலில் நான் செய்தது கணக்கு எழுதியது. குசினிக் கலண்டரின் பின்பக்கத்தில், நேரம், எங்கே நின்றேன், அதற்கு முன் என்ன குடித்தேன், என்ன செய்தேன். இரண்டு கிழமை. ஒரு நாளுக்கு ஒன்பது தடவை வரை போனது. எழுதிப் பார்த்தபோதுதான் ஒழுங்கு தெரிந்தது. பாடசாலை இடைவேளையில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பிளேன்ரீக்குப் பிறகு கட்டாயம் ஒன்று. மணி அடித்து, மாடிப் படி ஏறி அவசரமாக வகுப்புக்குப் போகும்போது ஒன்று. பின்னேரம் அடுப்படியில் தூள் வறுக்கும் நாளில் இரண்டு மூன்று. இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் கட்டாயம். ஆச்சரியமாக, உறைப்பான நண்டுக்கறி என்னை ஒன்றும் செய்யவில்லை. அக்காவுக்கு உறைப்பு ஆகாது. ஒருத்திக்கு ஆகாதது இன்னொருத்திக்கு ஆகலாம் என்பதால் மற்றவர்களின் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம். இப்படித் தவிர்ப்பதால் வெக்கை அடியோடு குறையும் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவும் இல்லை. எனக்குக் கிடைத்தது வேறு: எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்ததே பாதிப் பயத்தை எடுத்துவிட்டது.

பிளேன்ரீயை ஆறவிட்டுக் குடிக்கப் பழகினேன். பாடசாலைக்குச் சாறி உடுத்தே போகிறோம், அதை மாற்ற முடியாது. ஆகவே செயற்கை இழைச் சாறிகளை அலுமாரியின் அடியில் வைத்துவிட்டுப் பருத்தி நூற்சாறிகளை வெளியே எடுத்தேன். கைப்பையில் இரண்டு லேஞ்சி. இரவுதான் பெரிய பாடு. மார்கழி, தை மாதம் எங்களுக்கு டெங்குக் காலம். யன்னலைத் திறந்தால் நுளம்பு, பூட்டினால் புழுக்கம், வலைக்குள் காற்றே வராது. மின்விசிறியை என் பக்கம் திருப்பினால் இவருக்குக் குளிர். கடைசியில் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை, விசிறி என் கால்மாட்டில், தலைமாட்டில் மாற்றுச் சட்டையும் ஒரு செம்புத் தண்ணீரும் என்று ஒரு ஒழுங்குக்கு வந்தோம். இவர் முதலில் "நீர் ஏன் இப்பிடி எரிஞ்சு விழுறீர்?" என்று கேட்டவர்தான். கலண்டரின் பின்பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பேசாமல் வாசித்தார். அன்றிலிருந்து இரவில் நான் எழும்பினால் ஒன்றும் கேட்காமல் யன்னல் பக்கத்துத் திரையை விலக்கிவிடுவார். தூக்கமில்லாத உடம்புக்கு யார் பேசினாலும் கோபம் வரும், அதை அவருக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை.

பிறகு மருத்துவம். முதலில் போன தனியார் கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் முடிந்தது. "இதெல்லாம் வயசுக்கு வாறதுதான், யோசிக்காதேங்கோ." விற்றமின் எழுதிய ஒரு மருந்துத் துண்டு. வெளியே வந்து ஓட்டோவுக்குள் இருந்து அழுதேன். வயதுக்கு வருவது என்பது எனக்கும் தெரியும். மூட்டு வலியும் வயதுக்கு வருவதுதான், அதற்கு மருந்து எழுதுகிறார்களே.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம்தான் வழி கிடைத்தது. சுகவனிதையர் கிளினிக் என்று 1996இலிருந்து நாடு முழுக்க அரசாங்கம் நடத்துகிறது. 35 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்துப் போகலாம், காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தொடங்குகிறதா என்று பார்க்கும் சோதனை எல்லாம் அங்கே உண்டு. இதை 35 வயதில் சொல்லித்தான் இருந்தார்கள், நான் போகவில்லை. மிஸ் என்னை வாங்கில் இருத்தி, முழுதும் கேட்டு, வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். தைரொயிட் கூடினாலும் வேர்க்கும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் வேர்க்கும். இரவு வியர்வையோடு காய்ச்சல், இருமல், மெலிவு இருந்தால் காசநோயைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வேர்த்தால் நேராக ஆஸ்பத்திரி, வெக்கை என்று இருந்துவிடக் கூடாது. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். 40 வயதுக்கு முன் நின்றுவிட்டவர்களும், சத்திரசிகிச்சையில் சூலகங்களை எடுத்தவர்களும் காத்திருக்காமல் டொக்டரிடம் போக வேண்டும்.

என் சோதனைகள் சரியாக இருந்தன. மிஸ் கடிதம் தந்து வி.ஓ.ஜி. டொக்டரிடம், அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரிடம், அனுப்பினார்.

ஹோர்மோன் மருந்துதான் வெக்கைக்கு உள்ள மருந்துகளில் மிகவும் பலனுள்ளது என்றார் அவர். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரஜனோடு புரொஜெஸ்ரரோன் வகையும் சேர்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரும் ஆபத்து. இந்த மருந்து என்றதும் எல்லோரும் பயப்படுவதற்கு 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காரணம். இரண்டும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், 60 வயதுக்குக் கீழ் உள்ள சுகதேகியான பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மைதான் கூட என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அக்கா அந்த வயதில்தான் இருக்கிறாள், தோலில் ஒட்டும் பட்டி போடுகிறாள், நன்றாக இருக்கிறாள்.

எனக்கு அது ஒத்துவராது. சில ஆண்டுக்கு முன் ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு காலில் இரத்தம் கட்டி மருந்து எடுத்தவள் நான். இரத்தக்கட்டி, பாரிசவாதம், மார்பகப் புற்றுநோய், ஈரல் நோய் வந்தவர்களுக்கு டொக்டர்மார் பொதுவாக ஹோர்மோன் மாத்திரை தருவதில்லை. எனக்கு எழுதியது வென்லஃபாக்சின், குறைந்த அளவில். மருந்துக்கடையில் வாங்கும்போது கை நடுங்கியது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து அது. கடைக்காரர் என் பழைய மாணவியின் தகப்பன். நாளை ஊரில் என்ன கதை வருமோ என்று ஒரு கிழமை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த ஒரு கிழமையை வீணாக்கியதற்கு இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது. எடுக்கத் தொடங்கி மூன்றாம் கிழமை கலண்டரில் ஒன்பது நாலாகி இருந்தது. இரவில் ஒரு தடவைதான் எழும்பினேன். பிரஷரை மாதாமாதம் பார்க்கச் சொன்னார், பார்க்கிறேன். நிறுத்துவதானால் சடுதியாக நிறுத்தக் கூடாது என்பதும் அவர் சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் எடுப்பவர்கள் பரொக்செற்றின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தைத் தவிர்க்க வேண்டும், அது தமொக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். ஆகவே என் துண்டைப் பார்த்து யாரும் இதே வகை மருந்தை வாங்கிவிட வேண்டாம்.

மருந்தில்லாத வழி ஒன்றும் நிறுவப்பட்டிருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று சொல்வார்கள். வெக்கை வரும்போது மனதில் ஓடும் வசனத்தைப் பிடித்து மாற்றுவது. என்னுடைய வசனம் "எல்லோரும் பார்க்கிறார்கள்." அது ஓடத் தொடங்கினால் படபடப்பு இரட்டிக்கும். ஒருநாள் தரம் 10 வகுப்பில் வெண்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது வந்தது. முன்பென்றால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றிருப்பேன். அன்று திரும்பி, "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள், ரீச்சருக்கு வேர்க்குது" என்று சொல்லிக் கதிரையில் இருந்தேன். ஒரு பிள்ளை எழும்பிப் போய் இரண்டு யன்னலையும் திறந்துவிட்டது. மணி அடித்த பிறகு அதே பிள்ளை மேசையடியில் வந்து நின்றது. "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் ரீச்சர். இரவிலை எழும்பி நடப்பா. அப்பா பேசுறவர்." அந்தப் பிள்ளையின் கொப்பியில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளை எழுதிக் கொடுத்தேன்.

அம்மா என் வெக்கைக்குத் தன் வழியில் வைத்தியம் பார்த்தார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், மோர், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, சித்திரையில் நுங்கு. "உடம்புச் சூடு" என்பது அவர் கணக்கு. உண்மையில் உடம்பு சூடேறிக் கிடக்கவில்லை, சூட்டை அளக்கிற இடம்தான் தவறாக அளக்கிறது. அதை அவருக்கு விளக்கப் போகவில்லை. குளிர்ந்த மோர் தொண்டையில் இறங்கும்போது சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இது பிடிபட்டபோது வயது 49. அம்மாவுக்கு 49 வயதானது 1995இல்.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, நாங்கள் இருந்த வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. நாங்களும் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பம். மின்சாரம் என்பதை மறந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது, ஒரு ஜாம்போத்தல் விளக்குத்தான் வெளிச்சம். சனத்தின் மூச்சே அறையைப் புழுக்கிவிடும். இரவில் அம்மா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பார். திடீரென்று எழும்பி, படுத்துக் கிடப்பவர்களின் கால்களைத் தாண்டி வெளியே போவார். ஷெல்லுக்குப் பயந்து நித்திரை வரவில்லை என்று நாங்கள் நினைத்தோம். அப்பா "எல்லாருக்கும் பயந்தான், நீர் மட்டும் ஏன் அந்தரப்படுறீர்?" என்று கடிந்திருக்கிறார். நானும் ஒருநாள் எரிச்சலோடு "படுங்கோவன் அம்மா" என்று சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது 21.

போன மாதம் ஒரு பின்னேரம் விறாந்தையில் அவருக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அம்மா, இடம்பெயர்ந்து இருக்கேக்கை இரவிலை எழும்பி எங்கை போறனீங்கள்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிணத்தடிக்கு" என்றார். "மேல் காந்தும். ரெண்டு வாளி அள்ளி ஊத்தினால்தான் ஆறும். ஈரத்தோடையே வந்து படுப்பன். உங்களுக்கு ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்."

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவரே தொடர்ந்தார்.

"நான் மட்டுமில்லைப் பிள்ளை. அந்தச் சாமத்திலை ரெண்டு மூண்டு பேர் நிப்பினம், என்ரை வயசுதான். இருட்டிலை முகம் தெரியாது. ஒராள் அள்ளி முடிய மற்றாள் வாளியை வாங்குவா. ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லை."